மறுபடி அழைத்த பதினோரு பெயர்கள்

பட்டமளிப்புச் செயலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லச் சொன்னார்கள். இருக்கை வரைபடம் போடுவது, அங்கி கொடுத்து வாங்குவது, விருந்தினர்களை எந்த வாசல் வழியாகக் கூட்டி வருவது, இதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துக்கொள்ளலாம், அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்லப் போவது முப்பத்தோரு வருட வேலையில் நான் செய்த ஆகப் பெரிய தவறு. நான் செய்த ஆக நல்ல காரியமும் அதே காலையில்தான் நடந்தது.

நம் பல்கலைக்கழகத்துக்கு யார் படிக்க வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தொழில்நுட்பமும் வணிகமும் படிக்க ஜொகூரின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மெர்சிங்கில் படகு வைத்திருக்கிறவர் வீட்டுப் பிள்ளை, காஹாங்கில் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை, விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் பிள்ளை. நிறையப் பேர் அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒருவருக்கு இரண்டு நுழைவுச் சீட்டுதான் கொடுக்கிறோம். அந்த இரண்டு சீட்டு யாருக்கு என்று வீட்டில் சண்டை நடக்கும். கடைசியில் அப்பாவும் அம்மாவும் புதுத் துணி உடுத்திக்கொண்டு மாடியில் வந்து உட்காருவார்கள். பெயரைப் படிப்பார்கள். பிள்ளை நடந்துபோய்ச் சுருளை வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். அந்தச் சுருளுக்குள் ஒன்றும் இருக்காது. உண்மையான சான்றிதழைப் பிறகு கவுண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள். அப்படியென்றால் மேடையில் நாம் உண்மையிலேயே கொடுப்பது என்ன? அந்தப் பெயரை மட்டும்தான். இருபது வருடத்துக்கு மேல் பட்டமளிப்பு வேலை பார்த்த எனக்கே இது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்போது பெயர் படிப்பதெல்லாம் பட்டியலை வைத்துத்தான். படிப்பு வாரியாக, அகர வரிசையில், பெரிய எழுத்தில் அச்சடித்த பட்டியல் அறிவிப்பாளர் கையில் இருக்கும். பட்டதாரிகளும் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வராதவர்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி நான் கொடுப்பேன். அவர் பட்டியலில் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். அறிவிப்பாளர் டாக்டர் ஹஃபிஸ், வணிகத் துறை விரிவுரையாளர். நல்ல கனத்த குரல். சீனப் பெயரோ தமிழ்ப் பெயரோ, முந்தின நாளே எங்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்வார். அவர் நிற்கும் மேசை மேடையின் முன்பக்கம், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். பட்டதாரிகள் அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி நடப்பார்கள். யார் பெயரைப் படிக்கிறாரோ அந்த முகத்தை அவரால் பார்க்க முடியாது.

அன்றைக்குக் காலை எட்டரைக்குக் கதவைச் சாத்திவிட்டோம். அதற்குப் பிறகு பட்டதாரி யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. வராதவர் சீட்டை எழுதி டாக்டர் ஹஃபிஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஒரு பையன் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஓடி வந்ததில் மூச்சு வாங்குகிறது. பெயர் நோர்ஹிஷாம். மெர்சிங்கிலிருந்து வேனில் வந்திருக்கிறார்கள், வழியில் சாலையில் மரம் விழுந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டார்கள்.

"காக், எங்கம்மா மேல போய் உட்கார்ந்துட்டாங்க. நான் வெளிய நிக்கிறேன்னு அவங்களுக்குத் தெரியாது," என்றான். மலாயில்தான் சொன்னான். அன்று நடந்த பேச்சில் முக்கால்வாசி மலாய்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். காக் என்றால் அக்கா. எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் காக் வாணி.

நான் விதியை மீறினேன். கதவைத் திறந்து, அவன் அங்கியைச் சரிசெய்து, அவனுடைய இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவன் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அடுத்து, டாக்டர் ஹஃபிஸிடம் போய், சிவப்பில் அடித்த பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் திரும்பினேன். அந்த நேரம் காதில் மாட்டியிருந்த கருவியில் புரோட்டோகால் அதிகாரி அஸ்மானின் குரல்: "காக் வாணி, தான் ஸ்ரீ கார் வாசலுக்கு வந்தாச்சு. பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டார். உடனே வாங்க!"

ஓடினேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அந்தப் பிறகு வரவே இல்லை.

நான் இரக்கப்பட்டதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தப் பையனை இன்னொரு முறை பார்த்தாலும் கதவைத் திறப்பேன். இரக்கப்பட்டால் அதை முழுசாகச் செய்து முடிக்க வேண்டும். பாதியில் விட்டதுதான் என் தவறு. அந்தப் பாதிக்கு வேறு பத்துப் பேர் விலை கொடுத்தார்கள்.

விழா தொடங்கியது. தலைமை தாங்கியவர் நம் இணைவேந்தர், அரசர் கொடுத்த 'தான் ஸ்ரீ' பட்டம் அவருடையது. எழுபது தாண்டிய மனிதர், ஒரு காலத்தில் பொறியியலாளர், பேச்சு குறைவு. பக்கத்தில் துணைவேந்தர். முதல் இரண்டு படிப்பும் பிசகில்லாமல் போயின. மூன்றாவது தொழில்நுட்ப மேலாண்மை, நோர்ஹிஷாமின் வரிசை. நான் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காதில் அஸ்மான் இணைவேந்தரின் தேநீர் பற்றியும் மதிய விழாவைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். அதனால் பெயர்கள் என் காதில் சரியாக விழவில்லை.

நடந்தது இதுதான். நோர்ஹிஷாம் மேடை ஏறினான். பட்டியலில் அவன் பெயர் அடிக்கப்பட்டிருந்ததால் டாக்டர் ஹஃபிஸ் அடுத்த பெயரைப் படித்தார்: நூர் ஐன். பையன் நடக்கிறான், பெயரோ பெண் பெயர். மேடை விளக்கின் கூச்சத்தில் அவன் நின்று கேட்கவில்லை, சுருளை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். அவனுக்குப் பின்னால் நூர் ஐன் ஏறினாள். நூர் ஆயிஷா என்று படித்தார். பிறகு நூர் ஆயிஷா ஏறினாள். நூர் ஃபர்ஹானா என்று படித்தார். நம் பட்டியல்களில் நூர் என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை வரும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வரிசையாக எட்டு. எட்டுப் பெண்களும் ஒரே நிறத்தில் தூடோங் தலைத்துணி அணிந்து, ஒரே அங்கியில் போனார்கள். மாடியில் இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்த வீட்டார்கூட, நமக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். பின்னால் என்னிடம் சொன்னார்கள். நம் ஊர்க்காரர்கள் அவ்வளவு மரியாதைக்காரர்கள்.

எட்டாவது பெண் நூருல் ஷாஹிரா. அவள் ஏறியபோது அவர் படித்த பெயர் ஓங் வெய் ஜியே. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் மேடை நடுவில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தாள். பிறகு முகம் சிவந்து நடந்தாள். நான் அதைப் பார்த்தேன், சிரிப்பையும் கேட்டேன். அங்கி காலில் தடுக்கியிருக்கும், அதான் சிரிக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இது என் இரண்டாவது தவறு. மேடையில் ஒரு பிள்ளை தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். காரணத்தை நீங்களே தயார் செய்துகொள்ளாதீர்கள்.

அடுத்து ஓங் வெய் ஜியே ஏறினான். உயரமான பையன், மூக்குக் கண்ணாடி. டாக்டர் ஹஃபிஸ் படித்தார்: "பவித்ரா அனாக் பெரம்புவான் லெட்சுமணன்." அதாவது லெட்சுமணன் மகள் பவித்ரா.

மாடியிலிருந்து ஒரு கத்தல்.

"ஏய், அது என் மக இல்ல! பேர மாத்திப் படிக்கிறாங்க! நிறுத்துங்க லா, நிறுத்துங்க!"

தமிழில். ஆயிரம் பேர் இருந்த மண்டபம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. மாடியின் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்று கையை ஆட்டுகிறார். பக்கத்தில் இருந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். "உட்காருங்க, மானம் போவுது, எல்லாரும் பாக்கறாங்க!" அதுவும் எனக்குக் கேட்டது. நான் செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், அந்தக் குரல்களை எனக்கு எங்கே இருந்தாலும் தெரியும்.

மேடைக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒரு ஆள் சத்தம் போடுகிறார் என்பது மட்டும்தான். அஸ்மான் காதில் சொன்னார்: "மாடியில கலாட்டா. குடிச்சிருப்பான்னு நினைக்கிறேன். செக்யூரிட்டி கார்டை அனுப்பிட்டேன்."

"குடிக்கல," என்றேன். "பேரு மாறிப் போச்சுன்னு சொல்றார்."

இப்போதுதான் காதை மேடைக்குக் கொடுத்தேன். அடுத்ததாக ஏறியது ஒரு தமிழ்ப் பெண். அவள்தான் பவித்ரா. படித்த பெயர் ரஹ்மான் பின் யூசோஃப். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கே தொடங்கியது, ஏன் தொடங்கியது, யாரால்.

"அஸ்மான், பேரு ஒண்ணு தள்ளிப் போயிருக்கு. நோர்ஹிஷாம்ல இருந்து. பதினோரு பேர்."

அவர் நிதானமாகத்தான் சொன்னார். "சரி. இனிமே வர்றத சரி பண்ணுங்க. ரஹ்மான் பேர இன்னொரு தடவ படிக்கச் சொல்லுங்க, அதோட சரியாயிடும். போன பதினொன்னுக்கு நாளைக்குக் கடிதம் எழுதலாம், வீடியோவுல குரல மாத்திக்கலாம். நேரலை ஓடிட்டு இருக்கு காக். நிறுத்தினா நாளைக்கு எல்லார் போன்லயும் நாமதான்."

அஸ்மானைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சான்றிதழில் பெயர்கள் சரியாகத்தான் இருக்கின்றன. பதிவேட்டில் ஒரு புள்ளி மாறவில்லை. மதியம் இன்னொரு விழா காத்திருக்கிறது. மேடையில் தான் ஸ்ரீயை உட்கார வைத்துக்கொண்டு விழாவை நிறுத்தியதாக நம் பல்கலைக்கழகத்தில் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஒரு பெயரை மறுபடி படித்தால் பத்து நொடியில் எல்லாம் சமன். நான் செய்த தவறும் வெளியே தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், அந்த எண்ணமும் வந்தது. சும்மா வரவில்லை, கொஞ்ச நேரம் என்னுடன் நின்றது.

அப்போது மாடியைப் பார்த்தேன். இரண்டு கார்டுகள் லெட்சுமணனை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை, போகிறார். ஆனால் முகம் மட்டும் பின்னால் திரும்பி மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மேடையில் அவர் மகள் வேறு யாருடைய பெயருக்கோ சுருள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அதையும் அவர் முழுசாகப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

இந்த மனுசனுக்கு நாளைக்குக் கடிதம் எழுதி என்ன சொல்வது?

காதுக் கருவியைக் கழற்றினேன். அஸ்மான் எதிர்ப் பக்கத்திலிருந்து கையைக் குறுக்கே ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்கிறார். விழா நடக்கும்போது செயலகத்து ஆட்கள் மேடையில் கால் வைக்கக்கூடாது, நானும் அதுவரை வைத்ததில்லை. திரையிலிருந்து டாக்டர் ஹஃபிஸின் மேசைக்குப் பதினைந்து அடி இருக்கும். நடந்தேன். அவர் அடுத்த பெயருக்கு வாயெடுத்தபோது மைக்கின் மேல் கை வைத்தேன்.

"டாக்டர், நிறுத்துங்க. ஒரு பேரு தள்ளிப் போயிருக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்கிருந்து?"

பட்டியலைத் திருப்பி, சிவப்பில் அடித்திருந்த பெயரைக் காட்டினேன். "இந்தப் பையன் வந்துட்டான். நான்தான் உள்ள விட்டேன்."

"வரலன்னு சீட்டு நீங்கதானே குடுத்தீங்க, காக்?"

"ஆமா. நான்தான். அப்புறம் உங்ககிட்ட சொல்லல."

அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்ன பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான் நடந்தது. தவறு யாருடையது என்ற கேள்வி முடிந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பது மட்டும்தான் மிச்சம். தலை தெளிவாக வேலை செய்யும். இந்தத் தொழிலில் நான் கற்றதில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

படியில் ரஹ்மான் ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் நிற்கிறான். நான் இணைவேந்தரின் நாற்காலிக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றேன். துணைவேந்தர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

"தான் ஸ்ரீ, மன்னிக்கணும். பதினோரு பேருக்கு வேற பேரு படிச்சிட்டோம். தப்பு என்னோடது. அவங்கள மறுபடி மேடைக்குக் கூப்பிட அனுமதி வேணும்."

அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "எப்படித் தெரிஞ்சது?" என்றார்.

"மாடியில ஒரு அப்பா சத்தம் போட்டார். தன் மக பேருக்கு வேற பையன் நடந்தான்னு."

"நான் கேட்டேன். அவர் எங்க?"

"வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க, தான் ஸ்ரீ."

அவர் துணைவேந்தரைப் பார்த்தார், பிறகு மாடியைப் பார்த்தார். "அவர முதல்ல உள்ள கொண்டு வாங்க. அவர் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிக்கலாம்."

டாக்டர் ஹஃபிஸிடம் திரும்பி வந்தேன். அஸ்மான் அதற்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் அறிவிப்பு எழுதி அனுப்பியிருந்தார்: தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சிறு தாமதம். தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு எல்லாப் பழியையும் தொழில்நுட்பத்தின் மேலேயே போடுகிறோம். கோளாறு எந்த இயந்திரத்திலும் இல்லை. அந்தக் காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நடந்தத அப்படியே சொல்லுங்க டாக்டர்," என்றேன்.

அவர் சொன்னார். அந்தக் கனத்த குரலில், அவசரமில்லாமல். பதினோரு பட்டதாரிகளின் பெயர்களை மாற்றிப் படித்துவிட்டோம், தவறு செயலகத்துடையது, அவர்களிடமும் அவர்கள் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம், அந்தப் பதினோரு பேரும் எழுந்து மேடைப் பக்கம் வரவேண்டும். கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. கோபமில்லை. காது கேளாமல் போய்விட்டதோ என்று நினைத்த எட்டுக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பதினோரு பேரும் வந்தார்கள். சுருள்களைத் திருப்பி வாங்கி மேசையில் அடுக்கினோம். நோர்ஹிஷாம் என்னைப் பார்த்து, "காக், என்னாலயா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. "உன்னால இல்ல. என்னால. நிமிர்ந்து நட," என்றேன்.

பிறகு காத்திருந்தோம். இரண்டு நிமிடம் இருக்கும், மூன்று நிமிடமாகவும் இருக்கலாம். நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. இணைவேந்தர், துணைவேந்தர், துறைத் தலைவர்கள், ஆயிரம் பேர், எல்லாரும் ஒருவருக்காகக் காத்திருந்தார்கள். காஹாங் பக்கம் செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டுகிற ஒரு மனிதருக்காக. மாடிக் கதவு திறந்தது. லெட்சுமணன் உள்ளே வந்தார், சட்டை கசங்கியிருந்தது, ஒரு கார்டு கூடவே வந்தார். எதற்காக அமைதியாக இருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார். இணைவேந்தர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் கடைசிப் பெயர் வரை உட்காரவில்லை.

"நோர்ஹிஷாம் பின் இஸ்மாயில்."

கைதட்டல் தொடங்கியது. வழக்கமாக ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வீட்டார் மட்டும் தட்டுவார்கள், பிறகு அடங்கிவிடும். அன்றைக்கு மண்டபம் முழுக்கத் தட்டியது. ஒவ்வொரு பெயருக்கும். நூர் ஐன், நூர் ஆயிஷா, நூர் ஃபர்ஹானா. ஒவ்வொரு பெயரையும் டாக்டர் ஹஃபிஸ் திரும்பிப் பார்த்து, முகத்தைக் கண்டு, பிறகு படித்தார். நூருல் ஷாஹிராவின் முறை வந்தபோது, முன்பு சிரித்த கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அவள் இந்த முறை சிரித்துக்கொண்டே வந்தாள், மேடை நடுவில் வேண்டுமென்றே ஒரு நொடி நின்று கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். ஓங் வெய் ஜியே இரண்டு கையாலும் சுருளை வாங்கினான். அவன் அப்பா மாடியில் யாரோ முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"பவித்ரா அனாக் பெரம்புவான் லெட்சுமணன்."

நான் மேடையைப் பார்க்கவில்லை. மாடியைப் பார்த்தேன். லெட்சுமணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். வீடியோ எடுக்க அவர் கையில் போனை வைத்திருந்தார் போலிருக்கிறது, மகளைப் பார்ப்பதில் அதை உயர்த்தவே மறந்துவிட்டார். அவரை வெளியே இழுத்துக்கொண்டு போன அதே கார்டு அந்தப் போனை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, முழு நடையையும் எடுத்துக்கொடுத்தார்.

விழா முடிந்த பிறகு கூடத்தில் அவர்களைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்: "மேடம், நான் சத்தம் போட்டது தப்புங்களா?"

"இல்லண்ணே. நீங்க சத்தம் போடலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"இவ திட்டிக்கிட்டே இருக்கா."

"திட்டாம?" என்றார் அவர் மனைவி. "ஒவ்வொருத்தரும் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்காங்க, இவரு தோட்டத்துல லாரிய நிறுத்தச் சொல்ற மாதிரி கத்துறாரு!" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பவித்ரா தொப்பியைக் கழற்றி அப்பா தலையில் வைத்தாள். அந்தத் தொப்பியோடு அவர் என்னிடம், "நாலு வருசமா பேர எழுதிப் பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம், பட்டத்தோட சேர்த்து. இன்னிக்குக் காதால கேக்கணும்னுதான் வந்தேன். கேட்டுட்டேன்," என்றார்.

அன்றைய விழா பதினெட்டு நிமிடம் தாமதமாக முடிந்தது. மதிய விழா சரியான நேரத்துக்குத் தொடங்கியது. சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அஸ்மான் பயந்தபடியே மறுநாள் எல்லார் போனிலும் நாங்கள்தான். ஆனால் ஓடிய வீடியோ பெயர் மாறிய வீடியோ இல்லை. இணைவேந்தர் எழுந்து நிற்கிற வீடியோ.

விசாரணை இருந்தது. நான் ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன்: கதவைத் திறந்தது நான், சீட்டைத் திருத்தாமல் விட்டது நான், மேடைக்குப் போனது நான். பதிவாளர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். சாத்திய கதவைத் திறந்ததற்கும் தகவல் தராததற்கும். கடிதத்தில் மேடைக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் அதே பதிவாளர், அதே கையெழுத்தில், பட்டமளிப்பு நடைமுறை முழுவதையும் திருத்தி எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்து இன்னொரு கடிதம் அனுப்பினார். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.

உதவிக்கு ஒருவரைக் கேட்டேன், அஸ்மானைக் கேட்டேன். அலுவலகத்தில் எல்லாரும் வியந்தார்கள். அவருக்கு நேரத்தின் அருமை தெரியும், எனக்குப் பெயரின் அருமை தெரிந்துவிட்டது. இரண்டும் தெரிந்தவர்கள்தான் அதை எழுத வேண்டும். இன்றைக்கு ஒவ்வொரு பட்டதாரியும் தன் பெயர் அட்டையைத் தானே கொண்டுபோய் அறிவிப்பாளர் கையில் கொடுக்கிறார், அறிவிப்பாளர் முகத்தைப் பார்த்துப் படிக்கிறார். மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டோம். யாராவது தாமதமாக வந்தால் கடைசி வரிசைக்குப் போகலாம், வெளியே நிறுத்துவதில்லை. இன்னொரு வரியும் உண்டு. அதை எழுதியது அஸ்மான். பெயர் தவறினால், வரிசையில் நிற்கும் எந்தப் பணியாளரும் கையை உயர்த்தி விழாவை நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலாயில் அவ்வளவு அழகாக எழுதியிருந்தார், நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

சில வருடங்களுக்கு முன், ஓய்வுக்குச் சற்று முன்னால் நடந்த என் கடைசிப் பட்டமளிப்பு. வழக்கம்போலத் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் படிப்பின் நடுவில் கொடுக்கும்போதே இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரே கைக்குப் போய்விட, ஒரு பெண்ணுக்கு அடுத்தவளின் பெயரைப் படித்துவிட்டார்கள். நான் கால் எடுத்து வைக்குமுன், படிக்கட்டில் நின்றிருந்த ஒரு பணியாளர் கையை உயர்த்தினார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அஸ்மானையும் பார்க்கவில்லை. மேடை நின்றது. அறிவிப்பாளர் மன்னிப்புக் கேட்டுச் சரியான பெயரைப் படித்தார். பெண் நடந்தாள், வீட்டார் தட்டினார்கள், விழா தொடர்ந்தது. மொத்தம் இருபது நொடி. மாடியில் யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. எனக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. முப்பத்தோரு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாகச் சும்மா நின்றதே இல்லை.

கையை உயர்த்திய அந்தப் பெண் இன்றைக்கு உங்களுக்கு மேலதிகாரி. இந்த அறையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு ஒத்திகையில் நீங்கள் அவர் பெயரையே தவறாகப் படித்தாலும் சரி, கையை உயர்த்துங்கள்.